கால் லிட்டர் ஆயில் எங்கே போச்சு?

வண்டி 2017 ஸ்ப்ளெண்டர் பிளஸ், கார்ப்பரேட்டர் மாடல். மூன்று வருடத்துக்கு முன் ஒருவரிடம் ஓட்டிய வண்டியாக வாங்கினேன். மீட்டர் 51,000 கி.மீ. தாண்டிவிட்டது. அயனாவரத்திலிருந்து கிண்டி எஸ்டேட்டுக்குத் தினமும் போய் வருகிறேன். நெல்சன் மாணிக்கம் சாலையில் முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஊர்வதுதான் அந்தப் பயணத்தின் பாதி.

ஆயில் மாற்ற வேண்டும் என்று எனக்குச் சொன்னது கியர்தான். காலையில் கிளம்பும்போது ஒழுங்காக விழும். கோடம்பாக்கம் வருவதற்குள் எஞ்சின் சூடாகி, சிக்னலில் நியூட்ரல் விழ மறுக்கும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே தேடித்தேடி, கிளட்ச்சைப் பிடித்தபடியே நிற்பேன். பைக்கில் எஞ்சின், கிளட்ச், கியர் பெட்டி மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. ஆயில் நீர்த்துப் போனால் காலில் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கிளட்ச் கேபிளைத்தான் இரண்டு முறை டைட் பண்ணினேன்.

இதுவரை ஆயில் மாற்றுவது தெருமுனைக் கடையில்தான். வண்டியை விட்டுவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் முடிந்திருக்கும். இந்த முறை கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தார். வருவதற்குப் பத்து நாள் ஆகும் என்றார்கள். சரி, நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை: "தரையில ஒரு சொட்டு விழுந்தாலும் அசோசியேஷன் செகரட்டரிக்கு நீங்களே பதில் சொல்லிக்கோங்க."

சனிக்கிழமை சாயங்காலம் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். வண்டி பேரைச் சொன்னதும் கடைக்காரர் 20டபிள்யூ-40 டப்பாவை எடுத்து வைத்தார். "மேனுவல்ல 10டபிள்யூ-30 போட்டிருக்குண்ணே" என்றேன். "நம்மூர் வெயிலுக்கு கெட்டியா இருந்தாதான் பாஸ் நல்லது, எல்லாரும் இதான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். அவரோடு சண்டை போட எனக்கு விவரம் போதாது. ஆனாலும் மேனுவல் சொன்னதையே வாங்கினேன். டபிள்யூ என்றால் விண்டர். முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. சென்னையில் விண்டர் எங்கே என்று கேட்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் எஞ்சினின் மேல் பகுதியான ஹெட் வரைக்கும் ஆயில் சீக்கிரம் ஏற வேண்டுமே, அந்தக் கணக்குக்கும் முதல் எண்தான் உதவும். இவ்வளவு சின்ன எஞ்சினுக்கு எந்த ஆயில் பொருந்தும் என்று அதைச் செய்தவர்கள் யோசித்திருப்பார்கள் என்பது என் கட்சி.

இந்த எண்களைவிட முக்கியமாக டப்பாவில் பார்க்க வேண்டியது 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற முத்திரை. ஆயிலில் முங்கியிருக்கும் ஈரக் கிளட்ச் உள்ள வண்டிகளுக்காக ஜப்பான்காரர்கள் 1998-ல் வகுத்த தரம் அது. என் சித்தப்பா பையன், கார் சர்வீஸில் மிச்சமான ஆயில் வீணாகப் போகிறதே என்று அதைத் தன் பைக்கில் ஊற்றினான். கார் ஆயிலில் வழுக்கலைக் கூட்டும் சரக்கு சேர்த்திருப்பார்கள். காருக்கு அது மைலேஜ் கொடுக்கும். பைக்கிலோ ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கும் கிளட்ச் தட்டுகளை வழுக்க வைக்கும். பாடி பாலம் ஏறும்போது அவன் முறுக்க முறுக்க சத்தம்தான் ஏறியது, வண்டி ஏறவில்லை. நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் கிளட்ச் பிளேட் மாற்றினான்.

ஒரு லிட்டர் ஆயில், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், கொஞ்சம் பனியன் வேஸ்ட். இவ்வளவுதான் வாங்கினேன். 17-ம் நம்பர் ஸ்பேனர் வீட்டில் இருந்தது. அதாவது, இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை ஆறரை மணி. எட்டு மணிக்குத் தண்ணி லாரி வந்தால் பார்க்கிங்கில் குழாய் போட வேண்டும், அதற்குள் முடித்தாக வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, வண்டியை மூன்று நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டேன். ஆயில் வெதுவெதுப்பானால் அடியில் படிந்த அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கொதிக்கக் கொதிக்க இறக்கினால் கை வெந்துவிடும், சைலன்சரும் பக்கத்திலேயே இருக்கிறது. அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தேன். அந்த இடைவெளியில் வலது பக்கத்து ஆயில் கேஜை, அதாவது அளவுக் கோடு போட்ட குச்சியை, கழற்றித் துடைத்து, திரும்பத் திருகி, எடுத்துப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் காட்டியது. "லெவல் ஓகே, கலர்தான் கருப்பு" என்று போனில் குறித்துவைத்தேன். அந்தக் குறிப்பில் எது தப்பு என்று பிறகு சொல்கிறேன்.

டிரெயின் போல்ட் எஞ்சினுக்கு நேர் அடியில் இருக்கிறது. ஐந்து லிட்டர் நல்லெண்ணெய் கேனின் பக்கவாட்டை வெட்டித் தட்டாக்கி, கீழே வைத்தேன். இரண்டு வாய் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். லேசாக அசைந்தது, அப்புறம் முன்பைவிட இறுகிக்கொண்டது. மேலேயிருந்து குனிந்து பார்த்தபடி இடது பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். போல்ட்டின் தலையோ தரையைப் பார்த்து இருக்கிறது. கீழே படுத்து அதன் முகத்தைப் பார்த்தால்தான் இடது இடதாக இருக்கும், மேலேயிருந்து பார்த்தால் திசை தலைகீழ். ஏற்கெனவே இறுகிக் கிடந்ததை என் கையாலேயே இன்னும் இறுக்கியிருக்கிறேன்.

பழைய பேப்பரை விரித்துக் கீழே படுத்தேன். இப்போது திசை சரி, ஆனால் ஸ்பேனர் சரியில்லை. வாய் லேசாக அகன்றிருந்ததால் ஒவ்வொரு இழுப்புக்கும் நழுவி, போல்ட்டின் மூலை ஒன்று பளபளவென்று மழுங்கத் தொடங்கியது. இங்கே நிறுத்தியதுதான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். மூலை ஆறும் மொட்டையாகிவிட்டால் அப்புறம் வெல்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். மூன்றாவது மாடியில் இருக்கும் தம்பி ஒருத்தன் ஏசி மெக்கானிக். அவனை எழுப்பி, ஆறு மூலை உள்ள 17 சாக்கெட்டையும் ஒரு நீளக் கைப்பிடியையும் வாங்கி வந்தேன். பன்னிரண்டு மூலை உள்ள ரிங் ஸ்பேனர் மூலையில்தான் பிடிக்கும், இது பட்டையிலேயே பிடிக்கும் என்று விளக்கிவிட்டு, அவனும் லுங்கியோடு வந்து உட்கார்ந்துகொண்டான். ஒரே அமுக்கு. 'டக்' என்று ஒரு சத்தம். எதையோ உடைத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அது விட்டுக்கொடுத்த சத்தம்.

கடைசி இரண்டு சுற்றைக் கையால் திருகினேன். போல்ட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகி, சட்டென்று விலக்க வேண்டும் என்று படித்திருந்தேன். விலக்கவும் செய்தேன், ஆனால் ஆயில் என்னைவிட வேகமாக இருந்தது. விரல் வழுக்கி, போல்ட் கேனுக்குள் 'பொத்' என்று விழுந்தது. முதலில் கட்டைவிரல் தடிமனில் கறுப்பாகக் கொட்டிய ஆயில் பென்சில் அளவாகி, நூலாகி, அப்புறம் சொட்டானது. கேஜைக் கழற்றி வைத்தால் மேலே காற்றுப் புகுந்து இன்னும் சீராக இறங்கும். சொட்டு நின்ற பிறகு வண்டியைப் பிடித்து இரண்டு பக்கமும் லேசாகச் சாய்த்தேன். சாவியை ஆஃப் செய்தபடியே கிக்கரை நாலு தடவை மெதுவாக மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வாய் ஆயில் துப்பியது.

கேனுக்குள் கையை விட்டுப் போல்ட்டைத் துழாவி எடுத்துத் துடைத்தேன். அதில் ஒரு வாஷர் இருந்தது. துளையின் வாயைத் துணியால் துடைக்கும்போது நகத்தில் ஏதோ விளிம்பு தட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால், எஞ்சினோடு இன்னொரு வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போதோ யாரோ பழையதை எடுக்காமலே புதியதைப் போட்டிருக்கிறார்கள். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, எஞ்சினோடு ஒட்டியிருந்தது அப்பளம் போல நசுங்கிக் கிடந்தது.

அடுத்து, ஆயிலைப் பார்த்தோம். தம்பி ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து வெயிலில் காட்டினான். கறுப்பாக இருப்பதாலேயே ஆயில் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கரியைக் கழுவித் தன்னோடு வைத்துக்கொள்வதும் அதன் வேலைதான். நெருடுகிறதா, துகள் மின்னுகிறதா, பெட்ரோல் வாடை அடிக்கிறதா, இவைதான் முக்கியம். சாம்பல் நிறத்தில் மை போலத் தெரிந்தால் பயமில்லை. நகத்தில் மாட்டும் அளவுக்குத் துண்டு வந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும். பெட்ரோல் வாடை அடித்தால் கார்ப்பரேட்டர் ஒழுகி உள்ளே இறங்குகிறது என்று பொருள், அப்போது ஆயில் லெவல் குறையாமல் கூடவே செய்யும். வேளச்சேரியில் இருக்கும் என் மச்சானின் வண்டி 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் சீட் வரை முங்கியது. அவன் வண்டியிலிருந்து இறங்கியது பால் அதிகமாக விட்ட டீ மாதிரி இருந்தது. தண்ணீர் கலந்தால் அந்த நிறம்தான். ஸ்டார்ட் செய்து பார்க்காமல் தள்ளிக்கொண்டு போனதால் தப்பித்தான். புது ஆயிலை ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றினார்கள்.

பழைய ஆயிலைக் கொண்டுபோக வேண்டுமே என்று, பக்கத்தில் மில்லி கோடு போட்ட பழைய ஆயில் டப்பா ஒன்றில் புனல் வைத்து ஊற்றினேன். 550-ல் நின்றது. கேனைத் தட்டிப் பார்த்தேன், வடித்துப் பார்த்தேன். 550 தான். இந்த எஞ்சினை முழுக்கப் பிரித்துக் கட்டினால் 1 லிட்டர் பிடிக்கும். இப்படி இறக்கி மாற்றினால் 800 மில்லி, மீதி உள்ளேயே மூலை முடுக்கில் தங்கிவிடும். அப்படியென்றால் 800 வந்திருக்க வேண்டும். பேப்பரில் சிந்தியது அதிகம் போனால் இரண்டு ஸ்பூன். கால் லிட்டர் எங்கே போச்சு? அரைமணி நேரம் முன்னால்தானே கேஜ் 'ஓகே' என்றது?

"கேஜைத் திருகிப் பாத்தீங்களா, திருகாம பாத்தீங்களா?" என்றான் தம்பி.

போனில் மேனுவலைத் திறந்து படம் பார்த்தேன். துடைத்த கேஜை உள்ளே விட்டு, மரையில் திருகாமல், வாயில் சும்மா உட்கார வைத்து எடுக்க வேண்டும். திருகினால் மரையின் உயரத்துக்கு அது கூடுதலாக இறங்கும், இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது, சிலவற்றில் திருகித்தான் பார்க்க வேண்டும். என் வண்டிக்குத் திருகக் கூடாது.

அதற்கு முன் மாதாமாதம் பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும்போதும் பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். அது சைடு ஸ்டாண்டில். வண்டி இடது பக்கம் சாயும், கேஜ் இருப்பது வலது பக்கம். ஆயில் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடுவதால் இங்கே குறைத்துக் காட்டும். திருகியதால் கூட்டிக் காட்டும். ஒரு தப்பு ஏற்றியதை இன்னொரு தப்பு இறக்கி, இரண்டும் சேர்ந்து ஏதோ நம்பத்தகுந்த ஓர் அளவைக் காட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. அன்று காலை சென்டர் ஸ்டாண்டில் திருகிப் பார்த்ததால் 'நடுவில்' வந்தது. உண்மையில் கீழ்க் கோட்டுக்கும் கீழே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். காற்றாலும் ஆயிலாலும்தான் இந்த எஞ்சின் சூடு தணிகிறது. மே மாத வெயிலில், நெரிசலில், 550 மில்லியோடு. நியூட்ரல் விழாததில் ஆச்சரியமே இல்லை.

மணி ஏழரை. புது வாஷர் ஒன்றை மட்டும் போட்டு, போல்ட்டை விரலாலேயே முக்கால்வாசி திருகினேன். விரலுக்கு வராமல் முரண்டு பிடித்தால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம், கழற்றித் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். எஞ்சின் உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு. சண்டை வந்தால் தோற்பது அலுமினியம்தான். நீளக் கைப்பிடியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, சாக்கெட்டைக் குட்டைக் கைப்பிடியில் மாட்டி, வாஷர் நசுங்குவது கைக்குத் தெரியும் வரை மணிக்கட்டு பலத்தில் இறுக்கினேன். "இன்னும் ஒரு அமுக்கு" என்று மனசு சொல்லும். கேட்கக் கூடாது.

இந்த வண்டியில் மாற்றுகிற மாதிரி காகித ஃபில்டர் கிடையாது. ஒரு சல்லடையும், சுழற்சியில் அழுக்கை ஒதுக்கும் ஒரு கிண்ணமும் வலது பக்க கவருக்குள் இருக்கின்றன. அதைத் திறக்க கிக்கர் முதல் கேஸ்கட் வரை கழற்ற வேண்டும். அது என் வேலை இல்லை, கடைக்காரர் ஊரிலிருந்து வரட்டும்.

புனல் வைத்து முதலில் 700 மில்லி ஊற்றினேன். அளவு பார்ப்பதற்கு முன் இன்னொரு சந்தேகம். எங்கள் பார்க்கிங் தரை மழைத்தண்ணீர் வடிய வாசல் பக்கம் சரிவாகப் போட்டது. தரைத்தளத்தில் டைல்ஸ் வேலை நடக்கிறது, மேஸ்திரியின் ரசமட்டம் ஜன்னலில் கிடந்தது. வைத்துப் பார்த்தால் குமிழி ஓரத்துக்கே ஓடிவிட்டது. தூண் பக்கம் ஓரிடம்தான் மட்டமாக இருந்தது, வண்டியை அங்கே தள்ளினேன். மீதி 100 மில்லியையும் ஊற்றி, மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஆயில் இறங்கி அடங்க இன்னும் மூன்று நிமிடம் காத்து, கேஜைத் திருகாமல் வைத்து எடுத்தேன்.

ஒன்றுமே தெரியவில்லை. புது ஆயில் தேன் நிறத்தில், உலோகத்தோடு உலோகமாகப் பளபளக்கிறது. சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தும் புரியாமல், கேஜின் நுனியைச் செய்தித்தாளில் ஒற்றினேன். எண்ணெய் ஊறிய இடம் மேல் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே முடிந்திருந்தது. போதும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் வம்புதான். நுரைத்துக்கொண்டு, மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஏறிவிடும்.

லாரி ஹாரன் தெருவில் கேட்டது. தரையில் இரண்டு சொட்டு விழுந்திருந்தது. அதன் மேல் மேஸ்திரியின் மணலைத் தூவிப் பெருக்கிவிட்டேன். செகரட்டரி இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

550 மில்லி வேஸ்ட் ஆயிலைச் சாக்கடையில் விடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. எங்கள் பக்கத்துச் சாக்கடையில் ஊற்றினால் ஓட்டேரி நல்லா கால்வாய்க்குப் போகும், அதற்கு ஏற்கெனவே இருக்கும் பாடு போதும். தெருமுனைக் கடை திறந்ததும் அவருடைய டிரம்மில் ஊற்றிவிட்டு வந்தேன். அதை எடுக்க ஆள் வருவார்களாம். சென்ட்ரிங் பலகையில் தடவவும் கேட்டு வாங்கிப் போவார்களாம். புது ஆயில் வந்த டப்பா பிற்பாடு காலியானால் அடியில் ஓர் ஓட்டை போட்டுத்தான் எறிய வேண்டும். சீல் மாற்றி மறுபடி நிரப்ப நல்ல டப்பாவைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மறுநாள் கோடம்பாக்கம் சிக்னலில் நியூட்ரல் ஒரே தட்டில் விழுந்தது. மீட்டரில் நியூட்ரலின் பச்சை விளக்கு எரிந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்ப முதல் கியர் போட்டு, மறுபடி நியூட்ரல் போட்டுப் பார்த்தேன்.

கால் லிட்டர் கணக்கு மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. கடையில் குறைவாக ஊற்றினார்களா, வண்டி குடித்ததா? எஞ்சினுக்கு வெளியே கசிவு எதுவும் இல்லை. ஞாயிறுதோறும் தூண் பக்கத்தில், சென்டர் ஸ்டாண்டில், எஞ்சின் ஆறிய பிறகு, திருகாமல் பார்த்துக் காலண்டரில் குறித்துவந்தேன். முதல் 500 கி.மீ.க்குப் பெரிதாக மாற்றமில்லை. 1,000 கி.மீ.யில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் சரிபாதியில் நின்றது. ஆக, வண்டிதான் குடிக்கிறது. காலை முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரில் மெல்லிய நீலப் புகை தெரிவதையும் இப்போதுதான் கவனிக்கிறேன். வால்வு சீல் தேய்ந்திருக்கலாம், பிஸ்டன் ரிங்காகவும் இருக்கலாம். கடைக்காரர், "51,000 ஓடின வண்டி, குடிக்கத்தான் செய்யும், லெவலைப் பாத்துக்கிட்டே ஓட்டு" என்கிறார். 6,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்று, நடுவில் 3,000-ல் டாப் அப் செய் என்கிறது மேனுவல். என் வண்டிக்கு அந்த 3,000 வரை பொறுமை இருக்காது போல.

ஒரு லிட்டர் டப்பாவில் 200 மில்லி மீதி வைத்திருந்தேன். போன ஞாயிறு 100 ஊற்றினேன். ஒற்றிப் பார்த்த செய்தித்தாளில் எண்ணெய் மறுபடி மேல் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நின்றது. டப்பாவில் இன்னும் ஒரு தடவைக்கு இருக்கிறது.